ஒரு எண்ணை மாத்தினா மொத்த வரைபடமும் மாறணும்!

காய்ச்சல் வந்த குழந்தைக்கு பாரசிட்டமால் எவ்வளவு கொடுப்போம்?

கிலோவுக்கு 15 மில்லிகிராம்.
10 கிலோ குழந்தைன்னா 150.
14 கிலோன்னா 210.

எடை மாறினா டோஸ் மாறும். ஃபார்முலா மாறாது.
இங்கே எடைதான் பாராமீட்டர்.

இதே கணக்கு கம்ப்யூட்டர் வரைபடத்துக்குள்ள வந்த கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

1963. அமெரிக்காவின் எம்ஐடி.
ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் "ஸ்கெட்ச்பேட்" மென்பொருளை உருவாக்குகிறார்.
ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம். "இந்த ரெண்டும் இணைகோடா இருக்கணும்"னு கட்டளை கொடுத்தா, கம்ப்யூட்டரே கோட்டைத் திருத்திக்கொள்ளும்.

ஆனால் அதற்குப் பிறகு அலுவலகங்களுக்கு வந்த மென்பொருட்களில் பல, வெறும் மின்னணு டிராயிங் போர்டுதான். ஒரு அளவு மாறினால் மீதி எல்லாத்தையும் வரைபவர்தான் உட்கார்ந்து திருத்தணும்.

1985ல் சாமுவேல் கெய்ஸ்பெர்க் வந்தார். சோவியத் யூனியனிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். கணிதம் படித்தவர்.
அவர் தொடங்கிய நிறுவனம் பாராமெட்ரிக் டெக்னாலஜி கார்ப்பரேஷன். அதன் "ப்ரோ இன்ஜினியர்" மென்பொருளில் அகலம் = நீளம் ÷ 2 என்று எழுதி வைக்கலாம். நீளத்தை மாற்றினால் அகலம் தானா மாறும்.

சரி டாக்டர், இதனால நமக்கு என்ன?

தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், 2011ல் ரம்பத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்கர் ஐவன் ஓவனோடு சேர்ந்து, விரல்கள் இல்லாமல் பிறந்த 5 வயது சிறுவனுக்கு ஒரு செயற்கைக் கை செய்தார். மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபட்டு விரல்கள் மூடும்.
2013ல் அந்த வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

ஆனா குழந்தை வளருமே!

மொத்தமா 20 சதவீதம் பெருசாக்கினா போதாதா?
போதாது. உள்ளங்கையோடு சேர்ந்து போல்ட் போடும் ஓட்டையும் பெருசாகிடும். கடையில் விற்கிற போல்ட் அதே சைஸ்தானே? லொடலொடன்னு ஆடும்.

அதனால் உள்ளங்கை அகலம் பாராமீட்டர். ஓட்டை நிலையான அளவு. எது மாறணும், எது மாறக் கூடாது என்பதை மனிதர்தான் முடிவு பண்ணணும்.

மருந்திலும் அப்படித்தான். 80 கிலோ ஆளுக்குக் கணக்குப்படி 1200 வரும். ஆனால் ஒரு வேளைக்கு 1000ஐத் தாண்ட மாட்டோம்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஃப்ரீகேட், ஓப்பன்எஸ்கேட் போடச் சொல்லுங்கள். இரண்டுமே இலவசம்.

டோஸ் கணக்கை மட்டும் நீங்களே போடாதீங்க. சிரப்புக்குச் சிரப்பு அளவு வேறுபடும். மருத்துவரைக் கேளுங்க.