சாலமன் வழக்கில் எஞ்சிய 1,055 பவுண்டு

நிறுமத்தின் தனி ஆளுமை என்றதும் சாலமன் வழக்கைச் சுட்டுவது பாடநூல்களிலும் பாரிஸ்டர்களின் வாதக் குறிப்புகளிலும் ஊறிப்போன பழக்கம். பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அளித்த அந்தத் தீர்ப்பு உரிமையாளரையும் நிறுமத்தையும் கோட்பாட்டளவில் பிரித்துவைத்தது என்பதே ஆய்வுமரபின் முடிவு. வழக்கின் கணக்கை முன்னால் வைத்துப் படித்தால் வேறொரு சித்திரம் எழுகிறது. நொடித்த தொழிலின் மிச்சத்தை யார் முதலில் எடுப்பது என்ற பூசலாகவே அது தொடங்கியது. அடிப்படையில் அப்படியே முடிந்தது என்றும் கருத இடமுண்டு.

ஏரன் சாலமன் தன் பாதணித் தொழிலை நிறுமத்துக்கு விற்றபோது விலையின் ஒரு பகுதியாக 10,000 பவுண்டுக்குக் கடனீட்டுப் பத்திரங்கள் பெற்றார். பிறகு அவை பிராடரிப் என்பவர் பெயருக்கு மாறின. அந்த ஈட்டின்மேல் வந்த 5,000 பவுண்டு தொழிலுக்குள் போயிற்று. 1893இல் வட்டி தவறியது. பிராடரிப் வழக்குத் தொடுத்தார். நிறுமம் கலைப்புக்குப் போனது. பிராடரிப்புக்குக் கொடுத்தது போக எஞ்சக்கூடியது ஏறத்தாழ 1,055 பவுண்டு. ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு வரவேண்டியதோ 7,733 பவுண்டுக்கு மேல். எஞ்சிய பத்திரங்களின் உரிமை தனக்கே என்று சொல்லி அந்த 1,055ஐயும் சாலமன் கேட்டார்.

கலைப்பாளர் முதலில் தாக்கல் செய்த எதிர்வழக்கு, விற்பனையையும் பத்திரங்களையும் செல்லாதவையாக்கக் கோரியது. அது முதல் விசாரணையிலேயே தகர்ந்தது. நிறுமம் சாலமனின் முகவர் மட்டுமே, ஆகவே அதன் கடன்களை அவரே ஈடுகட்ட வேண்டும் என்ற யோசனை அதன்பின் நீதிபதி வாகன் வில்லியம்ஸிடமிருந்து வந்தது. எதிர்வழக்கும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆளுமைக் கேள்வி கட்சிக்காரர்கள் கொண்டுவந்ததல்ல, நீதிபதியின் மேசையிலிருந்து வந்தது. மரபு இதை அடிக்குறிப்பளவில் கடந்துவிடுகிறது. திருத்திய கோரிக்கை முழுக் கடனையும் தழுவியது என்பது உண்மைதான். கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை அது மாற்றவில்லை.

சர்ச்சைக்குரிய பகுதி, பிரபுக்கள் சபையில் வழக்கைத் தீர்த்தவர்களில் ஒருவரான மக்னாட்டன் பிரபுவின் உரையில் இருக்கிறது. ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டும் என்கிறார் அவர்; தனி ஆளோடு அல்ல, நிறுமத்தோடுதான் வணிகம் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. பிறகு தொனி மாறுகிறது. கலைப்புக்கு முந்தைய ஒரு குறுகிய காலத்தில் சரக்குக் கொடுத்த வணிகர்களுக்கு முன்னுரிமை இருந்திருக்க வேண்டும், இன்றைய சட்டம் அப்படியில்லை, பத்திரக்காரர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது பெரும் அவக்கேடு என்று சொல்கிறார். முந்தைய ஆய்வாளர்கள் இதைத் தீர்ப்புக்குத் தேவையில்லாத அனுதாபம் என்று ஒதுக்கினர். கட்டுப்படுத்தும் விதி அதில் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஓர் ஆள் நடத்தும் நிறுமமே தவறு என்று அவர் கருதியிருந்தால் குறையை அங்கே வைத்திருப்பார். அவர் விரல் நீள்வது முன்னுரிமை வரிசையின் மேல். நிறுமத்தின் சொத்து முழுவதையும் தழுவும் மிதக்கும் ஈட்டைக்கூட, வசதியான கருவி என்பதால் எளிதில் ஒழிக்க இயலாது என்கிறார். தாம் தீர்ப்பது எந்த வகை வழக்கு என்பதை அவர் அறிந்தே பேசினார் என்றே எனக்குப் படுகிறது.

விற்பனை விலை மிகையானது, ஆகவே இது ஏமாற்றுதான் என்ற எதிர்வாதம் நம்மை அதிகம் தடுக்க வேண்டியதில்லை, மோசடி நிரூபிக்கப்படவில்லை.

அடுத்து வந்த சட்டங்கள் இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. 1897ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொடுப்பனவுத் திருத்தச் சட்டம் கூலி, வரி முதலியவற்றை மிதக்கும் ஈட்டுக்கு முன்னால் நிறுத்தியது. வணிகக் கடனைத் தொடவில்லை. நொடிப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த கார்க் குழு 1982இல், மிதக்கும் ஈட்டிலிருந்து 10 விழுக்காட்டை ஈடில்லாதவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, நொடிப்புச் சட்டத்தின் 176A பிரிவு, முதல் 10,000 பவுண்டில் பாதியையும் அதற்கு மேல் 20 விழுக்காட்டையும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அவர்களுக்குக் கொடுத்தது. நிறுமத்தின் தனி ஆளுமையில் இவை ஒன்றும் கைவைக்கவில்லை.

பணமதிப்பு மாற்றத்தையும் கலைப்புச் செலவையும் ஒதுக்கி, அந்த விகிதத்தைச் சாலமன் நிறுமத்தின் சுமார் 6,055 பவுண்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஈடில்லாதவர்களுக்கு 3,000 பவுண்டுக்குச் சற்று மேல் போகும். பிராடரிப்பின் 5,000 பவுண்டே முழுதாகத் தேறாது. சாலமன் கேட்ட 1,055 பவுண்டில் ஒரு காசும் மிஞ்சாது.