கேப் நகரத்து அடிமைகள் ஏன் இஸ்லாத்தின் பக்கம் வந்தார்கள்?



மனிதர்கள் ஏன் ஒரு மார்க்கத்தை நம்பி வருகிறார்கள்? மரண பயம் என்பார்கள் சிலர். பழக்கம் என்பார்கள் சிலர். நாம் "ஹிதாயத் அல்லாஹ்வின் கையில்" என்கிறோம். அது உண்மை. ஆனால் அந்த ஹிதாயத் ஒரு மனிதனிடம் எந்த வாசலால் வந்து சேருகிறது என்பதை வரலாற்றில் பார்க்கலாம். அப்படிப் பார்க்க ஒரு நல்ல இடம் தென்னாபிரிக்காவின் கேப் டவுன். அந்தக் கதையில் நமது இலங்கைக்கும் பங்கு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1652 இல் ஒல்லாந்தர் கம்பனி கேப் பகுதியில் ஒரு குடியேற்றத்தை அமைத்தது. அங்கு வேலை செய்ய அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர். வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், ஜாவா, சுலாவெசி, மடகஸ்கார், மொசாம்பிக், இலங்கை என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஊரில் வைத்த பெயரும் போய்விடும். எஜமான் வைத்ததுதான் பெயர். "செப்டெம்பர்", "பெப்ரவரி" என்று மாதங்களின் பெயரைக்கூட மனிதர்களுக்கு வைத்தார்கள்.

அதே கம்பனி தன்னை எதிர்த்த முஸ்லிம் தலைவர்களையும் ஆலிம்களையும் நாடு கடத்தியது. அவர்களில் ஒருவர் மக்காஸரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப். பந்தென் சுல்தானுடன் சேர்ந்து ஒல்லாந்தருக்கு எதிராகப் போராடியவர். பிடிபட்டு 1684 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இங்கு பத்து வருடம் இருந்து கிதாபுகள் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் இங்கே தங்கிய ஜாவாக்காரர்கள் அவரைச் சந்தித்து, அவருடைய எழுத்துகளை ஊருக்குக் கொண்டு போனார்கள். இதைக் கண்டு பயந்த ஒல்லாந்தர் 1694 இல் அவரை 49 பேருடன் கேப்புக்கு மாற்றினார்கள். நகரத்துக்குத் தூரத்தில் ஒரு பண்ணையில் வைத்தார்கள். தப்பி ஓடிய அடிமைகளுக்கு அந்த இடமே புகலிடமானது என்று கேப் முஸ்லிம்கள் இன்றும் சொல்கிறார்கள். 1699 இல் அவர் வபாத்தானார். அந்த ஊரின் பெயர் இன்றும் மக்காஸர்.

அடுத்தவர் திடோர் தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ். மக்கள் அவரை "துவான் குரு" என்று அழைத்தார்கள். 1780 இல் கேப்புக்குக் கொண்டு வரப்பட்டு ரொபன் தீவில் அடைக்கப்பட்டார். பின்னாளில் நெல்சன் மண்டேலா இருந்த அதே தீவு. சிறையில் இருந்தபடி முழுக் குர்ஆனையும் மனனத்திலிருந்து எழுதினார். 1793 இல் விடுதலையானதும் டோர்ப் வீதியில் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார். பக்கத்திலேயே அவ்வல் பள்ளிவாசல் எழுந்தது. தென்னாபிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அதுதான்.

அந்தப் பள்ளி நிற்கும் நிலம் யாருடையது? "கோரிடோன் வான் சிலோன்", அதாவது இலங்கையின் கோரிடோன் என்பவருடையது. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கேப்பில் காணி வாங்கிய முதல் முஸ்லிம் என்று அவரைச் சொல்கிறார்கள். அவருடைய மகள் சார்த்ஜியின் காலத்தில் அந்தக் காணி பள்ளிக்கே உரியதாயிற்று. நமது மண்ணிலிருந்து விலங்கோடு போன ஒருவரின் நிலத்தில்தான் அங்கே முதல் பள்ளிவாசல் எழுந்தது.

இனி கேள்விக்கு வருவோம். பகிரங்கமாக இஸ்லாத்தைப் பின்பற்றத் தடை இருந்தது. மத சுதந்திரம் 1804 இல்தான் கிடைத்தது. அதற்கு முன் கல் உடைக்கும் குழியொன்றில் கூடி ஜும்ஆ தொழுதார்கள். முஸ்லிமாவதால் பதவி கிடைக்காது, காசும் கிடைக்காது. அப்படியிருந்தும் ஏன் வந்தார்கள்?

ஒரு காரணம் சட்டம். ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கக் கூடாது என்று 1770 இல் ஒரு கட்டளை வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் விற்க முடியாமல் போகுமே என்று எஜமான்கள் தங்கள் அடிமைகளைத் தேவாலயத்தின் பக்கமே விடவில்லை. மது அருந்தாத முஸ்லிம் அடிமை வேலைக்கு நல்லவன் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது.

ஆனால் ஒரு கதவு மூடப்பட்டதால் மட்டும் யாரும் இன்னொரு வீட்டுக்குள் போய்த் தங்கிவிடுவதில்லை. உள்ளே ஏதோ இருந்திருக்க வேண்டும். இருந்தது.

அடிமைகளின் திருமணத்தை 1823 வரை சட்டம் ஏற்கவில்லை. இமாம் நிகாஹ் செய்து வைத்தார். அரசாங்கம் அதை மதிக்காவிட்டாலும் ஜமாஅத் மதித்தது. பிள்ளை பிறந்தால் பெயர் வைத்தார்கள். மாதத்தின் பெயரையல்ல, ஒரு மனிதனின் பெயரை. மௌத்தானால் குளிப்பாட்டி, கபனிட்டு, தோளில் சுமந்து போய் அடக்கினார்கள். பகலெல்லாம் அடுத்தவன் மூட்டையைச் சுமந்தவனை அன்று நாற்பது பேர் மாறி மாறிச் சுமந்தார்கள்.

பிறகு எழுத்து. 1820களில் ஒரு பிரித்தானிய விசாரணைக் குழு கேப்புக்கு வந்தது. அதில் இருந்தவர் கோல்புறூக். சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் அதே கோல்புறூக். 1825 அளவில் டோர்ப் வீதி மத்ரஸாவில் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுமாக ஏறக்குறைய 490 பேர் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய ஒல்லாந்துக் கலப்பு மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். நமது முன்னோர் தமிழை அரபுத் தமிழாக எழுதியது போல. இன்றைய ஆபிரிக்கான்ஸ் மொழியின் மிகப் பழைய எழுத்துகளில் சில அந்த மத்ரஸாக்களில் பிறந்தவை.

உண்மையை மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும். முஸ்லிம்களிலும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தொழுகை ஸப்பில் அடிமைக்கும் எஜமானுக்கும் தனித்தனி வரிசை இருக்கவில்லை.

இதே ஒல்லாந்தர் இலங்கையில் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே பதவி வேண்டுமா, ஞானஸ்நானம் பெறு என்றார்கள். பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்பில் பதிவானால்தான் வாரிசுரிமை நிலைக்கும் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பெயர் பதிந்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் தளர்ந்ததும், சில ஆண்டுகளுக்குள் அவர்களில் பெருந்தொகையானோர் பழையபடி விகாரைக்கும் கோயிலுக்கும் திரும்பினார்கள். லாபத்துக்காக வந்த நம்பிக்கை லாபத்தோடு போனது. கேப்பில் எந்த லாபமும் இல்லாமல் வந்த நம்பிக்கை 200 வருடங்களுக்கு மேலாக நிற்கிறது.

அது எவ்வளவு ஆழமாக நின்றது என்பதற்கு ஒரு சம்பவம். 1886 ஜனவரியில், சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, துவான் குரு அடங்கியிருக்கும் தானா பாரு மையவாடியை அரசு மூடியது. இரண்டு நாளில் சுமார் 3,000 முஸ்லிம்கள் ஒரு குழந்தையின் ஜனாஸாவோடு நடந்து போய், தடையை மீறி அங்கேயே அடக்கினார்கள். சுகாதாரத்தின் பெயரால் 2020 இல் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடக்கம் செய்வது ஏன் உயிரை விடப் பெரிதாகத் தெரிகிறது என்று அப்போது பலர் நம்மிடம் கேட்டார்கள். கேப்பின் அடிமைகள் அதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள்: உயிரோடு இருக்கும்போது மனிதனாக நடத்தப்படாதவனுக்கு, மனிதனாக அடக்கப்படுவது சின்ன விஷயமல்ல.

அந்த மனிதர்கள் விவாதத்தில் தோற்று முஸ்லிமானவர்கள் அல்லர். அகீதாவைப் பிறகு படித்தார்கள். நன்றாகவே படித்தார்கள். ஆனால் முதலில் அவர்கள் கண்டது தங்களை மனிதனாக எண்ணிய ஒரு ஜமாஅத்தை.

இப்போது நமது மஹல்லாக்களைப் பார்ப்போம். சந்தா கட்ட முடியாத வீட்டின் ஜனாஸாவுக்கு எத்தனை பேர் வருகிறோம்? இஸ்லாத்தை ஏற்று வந்த சகோதரியின் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது என்ன கேட்கிறோம்? தூரத்து ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் நமது பள்ளி நிர்வாகத்தில் வாய் திறந்து பேச முடியுமா? வாலிபர்கள் மார்க்கத்தை விட்டுத் தூரமாகிறார்கள் என்று கவலைப்பட்டு பயான் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் பயானைக் கேட்க முன் அவர்கள் நமது முகத்தைப் பார்க்கிறார்கள்.

கேப்பின் அந்த இமாம்களிடம் ஒலிபெருக்கி இல்லை, கட்டடம் இல்லை, ஒரு காலம் வரை அனுமதியும் இல்லை. வந்தவனுக்குப் பெயரும், எழுத்தும், நிகாஹ்வும், கபனும் கொடுத்தார்கள்.

அல்லாஹ் அந்தப் பெயர் தெரியாத அடிமைகளின் கப்ருகளை ஒளியாக்கி வைப்பானாக. நமது பள்ளிகளின் கதவுகளையும் அப்படித் திறந்து வைப்பானாக. ஆமீன்.