உளைச்சல்

'உளை' என்ற வினையடியில் பிறந்த பெயர்ச்சொல். உளைதல் என்றால் ஓயாமல் நோதல், வருந்துதல். திருமுருகன்பூண்டியில் மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கப் படியில் உட்காருபவர், "காலெல்லாம் உளையுதுங்க" என்பார். உடல்நோவைக் குறித்த சொல் உள்ளத்துக்கும் ஏறி 'மன உளைச்சல்' ஆயிற்று.

உயிரணுவுக்கும் உளைச்சல் உண்டு. புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றால், தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலின் காப்பை மீறிப் பெருகும். இந்நிலையை 1985-இல் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என வரையறுத்தார். ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்த கெட்ட கொழுப்பு இதனால் மாற்றமடைய, அதை விழுங்கும் அணுக்கள் வீங்கிப் படிவாகின்றன. இதயத்தின் ரத்தக்குழாயில் படிவு வெடித்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

கால் உளைந்தால் உட்காருவோம். உயிரணு உளைவது வெளியே தெரியாது; அதற்குக் காரணமான சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதனைதான் சொல்லும்.