சாக்லேட், பிங்க் நிறம், நிலாவரை: ஒரு பேதி மருந்தின் கதை

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் பினாப்தலீன் விட்டு டைட்ரேஷன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொட்டு கூடினால் போதும், பிளாஸ்க் முழுக்க பிங்க் ஆகிவிடும். அந்த பினாப்தலீனைத்தான் அமெரிக்கர்கள் ஏறக்குறைய 90 வருஷம் மலச்சிக்கலுக்குச் சாப்பிட்டார்கள் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியும்.

1871இல் இதை உருவாக்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர். பேதி மருந்து ஆனது ஹங்கேரியில். அங்கே மட்டமான ஒயினை அடையாளம் காண இதைக் கலக்க நினைத்தார்கள். உடம்புக்கு ஏதும் செய்யுமா என்று பார்த்த வாமோஷி என்ற ஆய்வாளர், இது வயிற்றைக் கலக்கும் என்று கண்டுபிடித்தார். ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போன மேக்ஸ் கிஸ் என்ற மருந்தாளர் 1906இல் அதைச் சாக்லேட்டில் கலந்து 'எக்ஸ்-லாக்ஸ்' என்று விற்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

1990களில் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துச் சோதித்தபோது கட்டிகள் வந்தன. மனிதர்களுக்கும் வரும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும், வேறு மருந்துகள் இருக்கும்போது எதற்கு ரிஸ்க் என்று 1999இல் அமெரிக்கா தடை செய்தது.

எக்ஸ்-லாக்ஸில் அதற்குப் பதிலாக வந்தது சென்னா. அட, நம்ம நிலாவரை! உலகச் சந்தையில் அதன் ஒரு வகைக்குப் பெயரே 'தின்னவேலி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சரக்கு.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அம்மா இரண்டு வருஷமாக ராத்திரி தவறாமல் ஒரு சூரணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "இது மருந்தாடா? வெறும் இலைப் பொடிதானே" என்பார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சோனாமுகி என்று போட்டிருந்தது. அதுவும் நிலாவரைதான்.

இலை என்பதால் அது மருந்து இல்லை என்றாகிவிடாது. நிலாவரையில் உள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதில் வரும் பொருள் குடலைத் தூண்டுகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும், அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்கிறது. அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறையலாம். டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. ரத்தசோகைக்கு எடுத்த இரும்புச்சத்து மாத்திரைதான் சிக்கலுக்குக் காரணம். அதை மாற்றிக் கொடுத்தார். சூரணம் மெல்ல நின்றது.

கடையில் வாங்குமுன் சில விஷயங்கள்: கடுமையான வயிற்றுவலி, வாந்தி இருந்தால் பேதி மருந்தைத் தொடவே வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, திடீரென்று மாறிய மலப்பழக்கம் என்றால் நேராக டாக்டர்தான். இசப்கோல் எடுத்தால் தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா இருக்கும். திருப்பிப் பாருங்கள்.