நூற்றுக்கு அறுவர்

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில், வெயிலுக்கும் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்றது வலென்சியா நகரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை நண்பகலில், அந்நகரப் பேராலயத்தின் திருத்தூதர் வாயில்முன் நின்றுகொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த எண்மர் வந்து, மர நாற்காலிகளில் அரைவட்டமாக அமர்ந்தனர். இவர்கள் சட்டம் பயின்றவர்கள் அல்லர், உழவர்கள். துரியா ஆற்றினின்று பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு உழவர்களே தேர்ந்தெடுத்த நடுவர்கள். சேவகர் ஒருவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூவி, அதில் முறையீடு உண்டோ என்று கேட்டார். அன்று ஒன்றும் இல்லை. சில நிமிடங்களில் மன்றம் கலைந்தது. படம் எடுக்க வந்திருந்தோர்க்குச் சற்றே ஏமாற்றம்.

இந்த நீர்மன்றத்தில் எழுத்து கிடையாது. வழக்கும் தீர்ப்பும் வாய்மொழியே. மேல்முறையீடும் இல்லை. வலக்கரை வாய்க்காலில் வழக்கு எழுந்தால் இடக்கரையினரே தீர்ப்பை முன்மொழிவர். 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானிட குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. மன்றம் ஏன் கோவிலுக்கு வெளியே கூடுகிறது? இப்பேராலயம் நிற்குமிடத்தில் முன்பு பள்ளிவாசல் இருந்தது. 1238-இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாமே நகரைக் கைப்பற்றியபின், ஆலயத்தினுள் நுழைய இயலாத இசுலாமிய உழவர்களும் வழக்காட வேண்டுமென்றே வாசலில் கூடத் தொடங்கினர் என்பது ஊர் வழக்கு. நீர்ப் பங்கீடு சராசெனியர் காலத்தில் நடந்தவாறே தொடரட்டும் என்று அம்மன்னர் ஆணையிட்டது வரலாறு. வென்றவர் வேளாண்மை அறிந்தவர்!

பசி எடுத்தது. வலென்சியாவுக்குச் சென்றவர் பாயேயா உண்ணாமல் திரும்பலாகாது. பாயேயா என்பது உண்மையில் அகன்ற, ஆழமற்ற இரும்புச் சட்டியின் பெயர். அதிற் சமைத்த சோற்றுக்கும் அதுவே பெயராயிற்று. கோழி, முயல், பட்டையான பச்சை அவரை, வெள்ளைப் பெரும்பயறு, தக்காளி, குங்குமப்பூ ஆகியவற்றை நீரில் கொதிக்கவிட்டு, அரிசியைத் தூவி, ஆரஞ்சு விறகின் தீயில் கிளறாமலே வேகவிடுகின்றனர். மீனும் இறாலும் இட்டதைப் பழைய வீட்டார் மெய்யான வலென்சியப் பாயேயாவாக ஒப்புவதில்லை. எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றியமர்ந்து மரக்கரண்டியால் உண்பது வழக்கம். அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி! நம் வீட்டுச் சிறுவர் பானையடியைச் சுரண்டுவது நினைவுக்கு வந்தது.

நகருக்குத் தெற்கேயுள்ள அல்புபேரா ஏரியைச் சூழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. அல்புபேரா என்றால் அரபியில் சிறுகடல். அரிசியைக் குறிக்கும் அரோஸ், வாய்க்காலைக் குறிக்கும் அசெக்கியா ஆகிய ஸ்பானியச் சொற்களும் அரபிலிருந்து வந்தவையே. சொற்கள் நிலைத்துவிட்டன, அவற்றைக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்களோ அங்கில்லை.

1521-இல் எழுந்த கலகத்தின்போது, வலென்சிய இசுலாமியர் பலர்க்குக் கலகக்காரர்கள் வாள்முனையில் திருமுழுக்குக் கொடுத்தனர். அது செல்லுமோ என்னும் ஐயம் எழ, 1525-இல் மத்ரீதில் கூடிய குழு, செல்லும் என்றது. அச்சத்தால் இசைந்தாலும் அது இசைவே என்பது அவர்களின் வாதம். அவ்வாண்டே எஞ்சியோரும் மனம்மாற வேண்டும், இன்றேல் வெளியேற வேண்டும் என்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கட்டளையிட்டார். இவ்வாறு கிறித்தவராக்கப்பட்டவர்களே மொரிஸ்கோக்கள்.

1609 செப்டம்பர் 22 அன்று மன்னர் மூன்றாம் பிலிப்பின் ஆணை வலென்சியாவில் முழங்கிற்று. மூன்று நாள்களுக்குள், சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு மொரிஸ்கோக்கள் துறைமுகம் நோக்கிப் புறப்பட வேண்டும். வலென்சிய அரசின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், 1,20,000 பேரளவில், வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். துருக்கியரோடும் கடற்கொள்ளையரோடும் அவர்கள் உறவாடுவர் என்னும் அச்சம் அடியோடு ஆதாரமற்றதன்று. ஆயினும் அவ்வாணையிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது: வீடுகளையும் சர்க்கரை ஆலைகளையும் நெல் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் காக்கவும், புதிதாய்க் குடியேறுவோர்க்குக் கற்பிக்கவும், நூற்றுக்கு அறுவர் தம் குடும்பத்தோடு தங்கலாம். பலர் அச்சலுகையை ஏற்க மறுத்து, சுற்றத்தாருடனேயே கப்பலேறினர். 1525-இல் செல்லும் என்ற திருமுழுக்கு, 1609-இல் அவர்கள் சொந்த மண்ணில் தங்குவதற்குப் போதவில்லை. நெல் அறிவு போதுமானதாயிருந்தது.

இவ்வெளியேற்றத்தை மன்னரிடம் வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர் வலென்சியப் பேராயர் யோவான் தெ ரிபேரா. நாற்பதாண்டுகளுக்கு மேல் அம்மறைமாவட்டத்தை ஆண்டவர். நற்கருணைப் பக்தியில் ஆழ்ந்தவர். குருமாணவர்க்கெனக் கல்லூரி கண்டவர். தொடக்கத்தில் மொரிஸ்கோக்களுக்கு மறைக்கல்வி புகட்டப் பாடுபட்டவரும் அவரே. பலன் காணாமல் மனம் கசந்தார். ஆணை வெளிவந்த ஐந்தாம் நாள் பேராலயத்தில் அதனை ஆதரித்து மறையுரை ஆற்றினார். 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அவரைப் புனிதராக அறிவித்தார். நம்பிக்கையில் கட்டாயம் கூடாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கையை அதே தலைமுறையே கண்டது.

மாலையில் ஓர்ச்சாத்தா அருந்தினேன். நம் வயல்களில் களையென்று பிடுங்கியெறியும் கோரைக்கு உறவான ஒரு செடியின் சிறுகிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரத் தருகிறார்கள். வெயிலுக்கு இதமாயிருந்தது.

பின்னர் ரிபேரா கட்டிய கல்லூரிக்குச் சென்றேன். நுழைவிடத்துச் சுவரில், ஏனோ, பாடம் செய்த முதலை ஒன்று தொங்குகிறது. உள்ளே கோவிலில் புனிதரின் உடல் வைக்கப்பட்டுள்ளது. முழந்தாளிட்டேன். அவர் பரிந்துரையை வேண்டத் தொடங்கியபோது சொற்கள் வரவில்லை. கப்பலேறிய உழவர்களுக்காகச் செபித்தேன். பிறகு அவருக்காகவும் செபித்தேன். புனிதர்களுக்காகச் செபிப்பது முறையன்று என்று குருமடத்தில் கற்றதை நான் மறக்கவில்லை.