மொன்பெலியே உப்பளமும் புரோமைடும்

புரோமைடு என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் ஞாபகம் வரும். அந்தத் தாளின் மேல் பூசியிருந்தது வெள்ளி புரோமைடு. வெளிச்சம் பட்ட இடம் டெவலப்பரில் கறுத்த வெள்ளித் துகளாகும். படாததை ஹைப்போ கரைத்துவிடும். நம் கல்யாணப் படங்கள் பலவும் அப்படி வந்தவையே.

மூலப்பொருளான புரோமினை எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'புரோம்' என்றே படித்தோம். அதைக் கண்டறிந்து 1826இல் அறிவித்தவர் தென் பிரான்சின் மொன்பெலியே ஊர்க்காரர் அந்துவான் ழெரோம் பலார். அப்போது அவருக்கு வயது 23. ஆய்வுக்கூட உதவியாளர், அவ்வளவுதான். உப்பு வாரிய பிறகு பாத்தியில் கசப்புத் தண்ணீர் மிஞ்சும் அல்லவா (மரக்காணம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்), அதில் குளோரினைச் செலுத்தினார். நீர் செம்மஞ்சளானது. கரைந்திருக்கும் புரோமைடிடமிருந்து குளோரின் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, புரோமின் தனியே பிரிந்து வருகிறது. இன்றைய தொழிற்சாலைகளிலும் அடிப்படை இதுதான்.

கிடைத்தது மூக்கைத் துளைக்கும் செந்நிறத் திரவம். பலார் அதற்கு 'மியூரிட்' என்று பெயரிட்டார். பாரிஸ் அறிவியல் அகாதமியோ, கிரேக்கத்தில் நாற்றம் என்று பொருள்படும் 'புரோம்' என மாற்றிவிட்டது. பெற்றவர் ஒருவர், பெயர் வைத்தவர்கள் வேறு!

ஜெர்மனியில் பேர்பெற்ற லீபிக்கிடம் இதே திரவம் முன்பே வந்திருந்தது. அயோடின் குளோரைடு என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். லோவிக் என்ற மாணவரும் க்ரொய்ட்ஸ்நாக் ஊற்று நீரிலிருந்து இதைப் பிரித்திருந்தார். இன்னும் கொஞ்சம் தயாரித்து வா என்றார் அவருடைய பேராசிரியர். அதற்குள் பலாரின் கட்டுரை அச்சாகிவிட்டது. எனக்கு லீபிக்கை விட லோவிக் மீதுதான் இரக்கம்.

இனி அந்தக் காப்பிக் கதை. பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய நம்மூர்ச் சொல்தாக்கள், பாசறைக் காப்பியில் ஆசையை அடக்க 'புரோம்யூர்' கலப்பார்கள் என்பார்கள். நான் நம்புவதில்லை. புரோமைடு ஆசையை மட்டும் தேடிப்பிடித்து அடக்காது, ஆளையே மந்தமாக்கும். காவலுக்கு நிற்பவனைத் தூங்கவைக்க எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

ஆனால் கதைக்கு வேர் உண்டு. விக்டோரியா ராணியின் பிரசவ மருத்துவர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு காம இச்சையைத் தணிக்கும் என்று படித்திருந்தார். சில பெண்களின் வலிப்பு மாதவிலக்கோடு தொடர்புடையது என்று கருதி, அவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பு நின்றது. 1857இல் லண்டன் மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொன்னார். காரணம் தவறு, மருந்து சரி! வலிப்புக்கு உருப்படியாகக் கேட்ட முதல் மருந்து அதுவே.

பிறகு தூக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் கண்டபடி கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த புரோமைடு பாதியாகக் குறையவே பன்னிரண்டு நாள் போல ஆகும். தினமும் சாப்பிட்டவர்களுக்கு அது சேர்ந்து சேர்ந்து புத்தி தடுமாறியது, தோலில் கொப்புளம் வந்தது. அப்படிப்பட்டவர்கள் சிலர் மனநோய் விடுதி வரை போனார்கள். 1912இல் பினோபார்பிட்டால் வந்த பிறகு புரோமைடு மெல்ல ஒதுங்கியது. வலிப்பு வரும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.