வரலாறும் அரசியலும் ஒரு பட்டத்தில்: பெங்களூர்க் கல்லூரிகளின் முப்பாட முறையை முன்வைத்து

பெங்களூர்க் கலைக்கல்லூரிகளில் இளங்கலை பயில்வோர் தம் படிப்பை மூன்று ஆங்கில எழுத்துகளால் சுட்டுவது நெடுநாள் வழக்கம். எச்.இ.பி. என்பது வரலாறு, பொருளியல், அரசியலறிவு ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுதியைக் குறிக்கும். மூன்றும் சம மதிப்புடைய முதன்மைப் பாடங்கள். தமிழகத்திலோ ஒரு பாடமே முதன்மை; பிற துணைப்பாடங்களாக ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். சென்னையில் வரலாறு பயிலும் மாணவர்க்கு அரசியலறிவு துணைப்பாடமாக வந்து போவதுண்டு. பெங்களூரில் அது பட்டத்தின் பாகமாக உடன் நிற்கிறது. ஆயினும் ஒரே காலஅட்டவணையில் அமர்ந்திருப்பதாலேயே இரு துறைகளும் சேர்த்துப் பயிலப்படுகின்றன எனக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரியது. இவ்வினாவைப் பெங்களூரின் கல்வி வரலாற்றையும், அங்குப் பாடமாகும் தமிழ்ச் சான்றுகளையும் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. 'அரசியல்' என்பது இன்று கட்சி, தேர்தல், ஆட்சி எனப் பொருள் விரிந்து நிற்கிறது. திருக்குறள் பொருட்பாலில் இறைமாட்சி முதல் இடுக்கணழியாமை ஈறாக உள்ள இருபத்தைந்து அதிகாரங்களுக்கும் அரசியல் என்பதே இயற்பெயர். அங்கே அது அரசனது இயல்பும் ஒழுக்கமும் பற்றியது. ஒரு சொல்லின் பொருள் மன்னனிடமிருந்து குடிமக்களிடம் பெயர்ந்த கதை வரலாற்றுக்கு உரியதா, அரசியலறிவுக்கு உரியதா? இரு துறையினரும் மற்றவர்க்கு உரியதென விட்டுவிடும் வினா இது. இத்தகைய வினாக்கள் பல உள.

மேலைநாட்டில் இவ்விணைப்பு எளிதாகத் தொடங்கிற்று. 1869-இல் கேம்பிரிட்சில் வரலாற்றுப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சீலி, தம் தொடக்கவுரையையே அரசியல் கற்பித்தலைப் பற்றியதாக அமைத்துக்கொண்டார். ஆட்சியாளராகப் போகும் இளைஞர்க்கு வரலாறே பயிற்சிக்களம் என்பது அவர் கருத்து. 1883-இல் வெளிவந்த அவரது நூல் ஆங்கிலப் பேரரசின் விரிவைப் பொருளாகக் கொண்டது என்பதை நினைத்தால், அந்த இணைப்பு யாருடைய பயனுக்காக எழுந்தது என்பது விளங்கும். பிறகு 1920-இல் ஆக்சுபோர்டு தொடங்கிய புகழ்பெற்ற கூட்டுப் பட்டத்தில் மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றும் இடம்பெற்றன, வரலாறு இடம்பெறவில்லை. பெங்களூர்த் தொகுதி மெய்யியலின் இடத்தில் வரலாற்றை வைத்தது எனலாம்.

பேரரசை ஆள்வதற்கென அங்கே இணைந்த துறைகள், ஆளப்பட்டோர் கையில் வேறு பயன் பெற்றன. இதில் மைசூர் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1905-இல் மைசூர்க் கீழைக்கலை நூலகத்தில் ஆர். சாமசாத்திரி கௌடலீயரின் அர்த்தசாத்திரச் சுவடியைக் கண்டறிந்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடியை நூலகத்துக்குக் கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். மூலம் 1909-இலும், முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-இலும் வெளிவந்தன. சாமசாத்திரி பின்னர்ப் பெங்களூர்ச் சாமராசேந்திர வடமொழிக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். இந்தியர்க்குச் சமயமும் தத்துவமும் உண்டு, அரசியற் சிந்தனை இல்லை என்று கூறிவந்தோர்க்கு இச்சுவடி விடையாக அமைந்தது.

அதே காலப்பகுதியில் தமிழகத்திலிருந்தும் ஒரு சான்று அறிஞருலகை அடைந்தது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டார். 1905 வங்கப் பிரிவினை ஆண்டு. 1909 மிண்டோ-மார்லி சீர்திருத்த ஆண்டு. தன்னாட்சிக்கு இந்தியர் தகுதியுடையவரா என்ற வாதம் நடந்துகொண்டிருந்தபோது, வடமொழிச் சுவடி ஒன்றும் தமிழகக் கல்வெட்டு இரண்டும் வாதத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அக்காலத்து வரலாற்று ஆய்வு அரசியலறிவாகவும் இருந்தது. ஆய்வாளர் அதை மறைக்கவும் முயலவில்லை.

பெங்களூர் மத்தியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ச. கிருட்டிணசாமி ஐயங்கார் 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு முதற் பேராசிரியரானார். சங்க இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாக எடுத்தாண்டோருள் முன்னோடியான அவர், 1931-இல் தென்னிந்திய இந்து ஆட்சி நிறுவனங்களின் வளர்ச்சி பற்றித் தனிநூல் வெளியிட்டார். வி.ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் ஆட்சி நிறுவனங்கள் பற்றிய நூலும் (1929), நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கட்டுரைத் தொகுதியும் (1932) இதே சூழலில் பிறந்தவை. அ. அப்பாதுரை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1936-இல் தென்னிந்தியப் பொருளாதார நிலைமைகளை (கி.பி. 1000-1500) எழுதியவரும், 1942-இல் நாடெங்கும் மாணவர் கையில் தவழ்ந்த அரசியலறிவுப் பாடநூலை எழுதியவரும் ஒருவரே. கல்வெட்டிலிருந்து அரசியற் கோட்பாட்டுக்குச் செல்ல அவர்க்குத் துறைச்சுவர் தடையாக இருக்கவில்லை.

இவ்விணைப்பின் பயனைப் போலவே அதன் இடரும் உத்தரமேரூர்க் கல்வெட்டில் தெரிகிறது. குடவோலை முறை இன்று பள்ளிப் பாடநூலிலும் மேடையிலும் பழந்தமிழர் மக்களாட்சியின் சான்றாக வைக்கப்படுகிறது. கல்வெட்டு கூறுவது என்ன? ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு வந்தோருள் ஆட்டை வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். தகுதிகளே இங்குக் கருதத்தக்கவை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதத்தில் ஒன்றும் அதன் உரையில் ஒன்றும் கற்றவர்க்கு அரைக்கால் நிலமே போதும். வயது வரம்பு 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் முப்பது முதல் அறுபது எனவும், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் முப்பத்தைந்து முதல் எழுபது எனவும் உள்ளது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பிரமதேய ஊர். சபை அந்தணர் சபை. அவ்வூரில் உழுதோரும் வினைசெய்தோரும் குடவோலைக்குள் இல்லை, பெண்டிரும் இல்லை.

வரலாற்று வகுப்பில் இக்கல்வெட்டு சோழர் ஆட்சிமுறை என்ற தலைப்பில் ஒரு பத்தியாகிறது. அரசியலறிவு வகுப்பில் ஊராட்சி நிறுவனங்களுக்கு முன்னுரையாக, 1992-இன் எழுபத்து மூன்றாம் திருத்தத்துக்கு முன்னர் ஒரு வரியில் வருகிறது. இரு வகுப்பிலும் ஒரே மாணவர்தாம் அமர்ந்திருக்கிறார். ஆயினும் இரண்டையும் ஒருங்கே பார்த்தாலன்றி எழாத வினா, தகுதி யாருக்கு என்பது. அவ்வினாவைக் கையில் கொண்டு மைசூருக்கு வந்தால், 1881-இல் திவான் ரங்காசார்லு கூட்டிய மைசூர்ப் பிரதிநிதிகள் சபை எதிர்ப்படுகிறது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சென்று மைசூரில் உயர்பதவி பெற்ற அவர், நிலவுடைமையாளரும் வணிகருமான 144 பேரை அழைத்தார். சுதேச சமத்தானங்களில் இத்தகைய சபைக்கு அதுவே முன்னோடி. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கில்லை. குறைகளைச் சொல்லவும் திவானின் அறிக்கையைக் கேட்கவுமே இடமிருந்தது. சென்னை மாகாணத்தில் 1919 சட்டத்தின்படி அமைந்த வாக்குரிமையும் சொத்தும் வரியும் பற்றியதே. ஆயிரமாண்டு இடைவெளியில் கால் வேலி நிலம் வரிச்சீட்டாக உருமாறி நின்றது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்ற 1950-இன் அரசமைப்பு எதை முறித்தது என்பதை இவ்வரிசையில் வைத்துப் படிக்கும் மாணவரே உணர்வார். குடவோலையின் பெருமை இதனால் குன்றிவிடாது. பொறுப்பிலிருப்போர் கணக்குக் காட்டவேண்டும் என்ற விதி இன்றும் வியப்புக்குரியதே.

பிற்கால ஆய்வில் இத்துறைகளின் உறவு வேறு திசையில் சென்றது. பர்ட்டன் சுடெயின் 1980-இல் சோழ அரசைக் கூறுபட்ட அரசாக விளக்க முற்பட்டபோது, ஆப்பிரிக்க ஆலூர் மக்களைப் பற்றிய சௌத்தாலின் அரசியல் மானிடவியல் கோட்பாட்டைக் கைக்கொண்டார். எ. சுப்பராயலுவும் கராசிமாவும் கல்வெட்டுச் சொற்களைத் தொகுத்துக் கணக்கிட்டு, நாடு, வளநாடு, அதிகாரிகள், வரிகள் ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டினர். கோட்பாட்டின் பல பகுதிகள் அச்சோதனையில் நிற்கவில்லை. கோட்பாடு சான்றிடம் தேர்வெழுதிய இந்நிகழ்ச்சி ஒன்றே இரு துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கப் போதிய பாடமாகும்.

பாடத்திட்டத்தில் இவை சந்திக்காமற் போவதற்கு எளிய காரணம் ஒன்றுண்டு. வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் 1947-உடன் நின்றது. கருநாடக வரலாறு என்றால் 1956-இன் ஒருங்கிணைப்பு வரை. இந்திய அரசியல் பற்றிய பாடமோ 1950-இன் அரசமைப்பில்தான் நடை எடுக்கிறது. ஒன்று முடியுமிடத்தில் மற்றது தொடங்குவதால், இரண்டுக்கும் பொதுவான பொருளே இல்லை என்பது போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. ஆட்சிப்பணித் தேர்வும் இதை மாற்றவில்லை. 2012 வரை முதன்மைத் தேர்வில் இரு விருப்பப்பாடங்கள் இருந்தன. 2013 முதல் ஒன்றே. இரண்டையும் கற்றவர் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று.

பெங்களூரிலோ இவ்வெல்லைக்கோடு தெருவளவில் பொய்யாகிறது. நகர இருப்புப்பாதை நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரம், சிறீராமபுரம் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. 1884-இல் தோன்றிய பின்னி ஆலை முதலிய பஞ்சாலைகள் இந்நகரின் மேற்குப் பகுதியைத் தொழிலாளர் பகுதியாக்கின. அவ்வாலைகளுள் ஒன்று மினர்வா ஆலை. 1971-இல் அதன் நிருவாகத்தை அரசு ஏற்றது. 1974-இன் நலிவுற்ற பஞ்சாலைகள் நாட்டுடைமைச் சட்டம் ஆலையையே எடுத்துக்கொண்டது. உடைமையாளர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் ஆலையைத் தாண்டி வளர்ந்து, நாற்பத்திரண்டாம் திருத்தத்தின் (1976) இரு பிரிவுகளைச் செல்லாதனவாக்கிய 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பாக முடிந்தது. அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு எல்லையுண்டு என்பதை உறுதிசெய்த அந்த ஐவர் அமர்வில் தமிழகத்தைச் சேர்ந்த பி.எஸ். கைலாசமும் ஒருவர்.

அரசியலறிவு மாணவர் 'மினர்வா மில்சு' என்பதை அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் பெயராக மனனம் செய்கிறார். ஆலை ஏன் நலிந்தது, நெய்தோர் யார், நாட்டுடைமையால் அவர் பெற்றதென்ன என்பன அவர் பாடத்தில் இல்லை. வரலாற்று மாணவர் தொழிலாளர் இயக்கம் பற்றிப் படிப்பினும் 1980 அவர் எல்லைக்கு அப்பாற்பட்டது. சானகி நாயரின் மைசூர்ச் சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் பற்றிய ஆய்வு (1998) போன்றவை இவ்விடைவெளியை நிரப்ப வழிகாட்டின. அவை பட்டவகுப்பின் மேற்கோள் பட்டியலைத் தாண்டிப் பாடமாகப் புகவேண்டியவை.

பொம்மை வழக்கும் அவ்வாறே. 1989 ஏப்ரல் 21-இல் கலைக்கப்பட்டது பெங்களூரிலிருந்து ஆண்ட அமைச்சரவை. 1994 மார்ச்சு 11-இல் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு, பெரும்பான்மை சட்டமன்றத்திலேயே மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றது. 356ஆம் பிரிவால் 1976-இலும் 1991-இலும் ஆட்சியிழந்த தமிழகத்தின் அனுபவத்தையும் இதனோடு வைத்துப் படித்தால் அது சட்ட விதியாக மட்டும் நில்லாமல் கூட்டாட்சியின் வரலாறாகிவிடும்.

பட்டத்தின் கட்டமைப்போ அடிக்கடி மாறிவருகிறது. புதிய தேசியக் கல்விக் கொள்கையை 2021-22இல் முதலில் நடைமுறைப்படுத்திய கருநாடகம் முப்பாட முறையைக் கைவிட்டு இரு பாடங்களை முதன்மையாக்கியது. நான்காம் ஆண்டும் சேர்ந்தது. 2024-25இல் மூவாண்டுப் பட்டமும் மூன்று முதன்மைப் பாடங்களும் மீண்டன. பாடங்கள் எத்தனை என்பதில் நடந்த விவாதம், அவை ஒன்றையொன்று எங்கே தொடவேண்டும் என்பதில் நடக்கவில்லை. வரலாற்றுக்கு ஒரு பாடத்திட்டக் குழு, அரசியலறிவுக்கு மற்றொரு குழு என இருக்குமளவும் அது நடத்தல் அரிது. இருவர் சேர்ந்து நடத்தும் ஒரு தாள், ஒரு பருவத்துக்கேனும், இரு குழுக்களும் ஒப்பினால் அமைக்கத்தக்கதே.

அத்தகைய தாளுக்குப் பொருள் தேடித் தொலைவு செல்லவும் வேண்டா. 1905-இல் லூயி ரைசு வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கின்றன. வணிகர் பெயரால் வழங்கிய ஓர் ஊரில் வரி விதித்தவர் யார், விலக்கு அளித்தவர் யார், கோயிலுக்கு உரிமை எழுதிக்கொடுத்தவர் யார் என்பன வரலாற்று வினாக்கள். அவையே அதிகாரம் பற்றிய வினாக்களுமாகும். சில கல்லூரிகளில் எச்.இ.பி. மாணவர் தமிழை மொழிப்பாடமாகவும் பயில்கின்றனர். அக்கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்கவர் அவரே. அவர் கைக்கு அது இன்னும் சென்று சேரவில்லை.